ஒரு சோறு பதமாகுமா?

இராப்போசனம் முடிந்ததும் தொலைக்காட்சியின் முன்னே கூடும் குடும்பங்கள் பலவற்றில் இக்காலத்தில் ஒரு நீதிமன்றமே நடைபெறுகின்றது. ஒரு வீட்டினுள் அடைபட்டிருக்கும் போட்டியாளர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றனர். 'இவள் கள்ளி', 'அவன் நடிக்கிறான்', 'இவன்தான் நல்ல பிள்ளை' எனத் தீர்ப்புகள் பிறக்கின்றன. 1999ஆம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்தில் 'பிக் பிரதர்' என்னும் பெயரோடு தொடங்கிய இவ்வகை நிகழ்ச்சி, 2017இல் 'பிக் பாஸ்' ஆகத் தமிழுக்கு வந்தது. 2019இல் இலங்கையர் இருவர் அதிற் பங்குபற்றியபோது நம் இல்லங்களில் விசாரணை இன்னும் சூடு பிடித்தது.

பிறர் குணத்தை எடைபோடுதல் மனித இயல்பு. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. எந்தச் சான்றைக் கொண்டு எடைபோடுகின்றோம் என்பதே நமது கேள்வி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் பெரியோர். பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேகின்றமையால் அது பொருந்தும். மேலும், அகப்பையை இட்டுப் பதம் பார்ப்பவளும் சமைப்பவளே. இங்கோ நிலைமை வேறு. 24 மணி நேர வாழ்க்கையில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நம் கண்முன் வருகின்றது. அதனைத் தெரிந்தெடுப்பவர் தயாரிப்பாளர். அமைதியாகக் கறி சமைத்த பொழுதை அவர் விட்டுவிடுவார். அக்கறிக்காக எழுந்த சண்டையை விடார். உற்றாரைப் பிரிந்து, வெளிச்செய்தி ஏதுமின்றிப் பல வாரங்கள் அடைபட்டிருப்பவரின் ஒரு கணச் சினத்தைப் பார்த்து, அவருடைய முழு வாழ்வையும் நாம் அளந்துவிடுகின்றோம்.

பிரித்தானியாவின் ஜேட் கூடி என்பவரை எடுத்துக்கொள்வோம். 2002இல் 'பிக் பிரதர்' வீட்டிற்குட் சென்ற அவரைப் பொது அறிவு இல்லாதவரெனப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. பின்னர் அதே மக்கள் அவரைச் செல்லப்பிள்ளையாக்கினர். 2007இல் மீண்டும் அவ்வீட்டிற் புகுந்தபோது, இந்திய நடிகை ஷில்பா ஷெட்டியை இழிவாகப் பேசினார். முறைப்பாடுகள் 40,000க்கு மேற் குவிந்தன. அப்பேச்சு கண்டிக்கத்தக்கதே, அதில் ஐயமில்லை. ஆயினும் 2008இல், இந்திய நிகழ்ச்சியொன்றிற் பங்குபற்றிக்கொண்டிருந்த வேளையில், தமக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்ற செய்தி அவரை எட்டியது. அவர் தம் நோயை மறைக்கவில்லை. அதனால் இளம்பெண்கள் பலர் தாமாகவே பரிசோதனைக்குச் சென்றனர். 2009 மார்ச்சில், 27ஆம் வயதில் அவர் மறைந்தபோது நாடே கண்ணீர் விட்டது. மூடர், கொடியவர், உத்தமர் என மூன்று தீர்ப்புகள், ஆள் ஒருவரே!

தீர்ப்பு வீட்டுக் கூடத்துடன் நின்றுவிட்டால் தீங்கு சிறிது. யப்பானில் ஹனா கிமுரா என்ற இளம் மல்யுத்த வீராங்கனை இத்தகைய நிகழ்ச்சியொன்றில் தோன்றினார். தம் போட்டி உடை பழுதானமைக்காக உடனிருந்த இளைஞன்மேற் சினந்தார். அக்காட்சி வெளியானபின், முன்பின் அறியாதோர் கைப்பேசி வழியே அவர்மீது வசைமாரி பொழிந்தனர். 2020 மே மாதத்தில், 22 வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 2022இல் அவமதிப்புக் குற்றத்துக்கு ஓராண்டுவரை சிறை விதிக்க யப்பானியச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது, போன உயிர் மீளவில்லை.

ஆகவே, பெற்றோரே, மாணவ மணிகளே! நிகழ்ச்சியைப் பாருங்கள், விவாதியுங்கள். ஆனால் 'அவன் தீயவன்' என்பதற்குப் பதிலாக 'அவன் செய்தது தவறு' என்று சொல்லிப் பழகுங்கள். செயலைக் கண்டிக்கலாம், அதற்குக் கண்ட சான்று உண்டு. ஆளின் உள்ளத்தை அளக்க அவ்வொரு மணி நேரம் போதாது. நேரிற் கண்டாற் சொல்லத் துணியாத சொல்லைக் கைப்பேசியிலும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. தொலைக்காட்சியில் தெரிபவருக்கு நாம் வழங்கும் தீர்ப்பு அவர் காதில் விழாமற் போகலாம். அருகில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளையின் காதில் அது விழுகின்றது. ஒரு நாட் பிழைக்கு ஆயுள் முழுவதும் கெட்ட பெயர்தான் என்று அப்பிள்ளை விளங்கிக்கொண்டால், நாளை தன் பிழையை நம்மிடம் வந்து சொல்லுமா?