பூட்டு ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏலக்காய் ஏலத்தில் இப்போது கூச்சல் கிடையாது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுகிறார்கள். சரக்கு கை மாறிவிடுகிறது.

அந்த ஊர் வியாபாரி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கிடங்குக்கு இரண்டு பூட்டு, ஒரு காவல்காரர். பக்கத்து அறையில் கணக்கெல்லாம் அடங்கிய கம்ப்யூட்டர். அந்த அறை ஜன்னலுக்கோ கொக்கியே இல்லை!

"பாஸ்வேர்டு போட்டிருக்கேன் தம்பி. என் சம்சாரத்துக்கே தெரியாது!" என்றார் பெருமையாக.

"பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால், அண்ணாச்சி?"

"அப்பவும் பாஸ்வேர்டு கேட்குமே?"

கேட்காது! உள்ளே இருக்கும் டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், சாதாரண பாஸ்வேர்டு வாயே திறக்காது. கணக்கு முழுவதும் திருடன் கண்முன் விரியும். டிஸ்கில் உள்ளதையே சங்கேத எழுத்தாக மாற்றி வைக்கும் வசதி உண்டு. அதைச் செய்திருந்தால்தான் திருடனுக்கு வெறும் இரும்பு மிஞ்சும். நான் இதைச் சொன்னதும் மனிதர் முகம் வாடிவிட்டது.

சரி, பூட்டு பலமாக இருந்தால் போதுமா? கூடங்குளம் அணுமின் நிலையத்தின் மதிலுக்கும் காவலுக்கும் என்ன குறை? 2019-ல் அதன் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் வைரஸ் புகுந்துவிட்டது. அக்டோபர் 29-ந் தேதி 'அப்படி ஒன்றுமில்லை' என்றார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது! அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் கழகம் சொல்லிற்று.

பிரித்து வைத்தாலும் கவலை தீரவில்லை. ஈரானின் நதான்ஸ் நிலையத்து யந்திரங்களைக் கெடுத்த 'ஸ்டக்ஸ்நெட்' என்ற வைரஸ் 2010-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கேயும் வெளித் தொடர்பு இல்லாத கம்ப்யூட்டர்கள்தாம். பென் டிரைவ் வழியாக அது உள்ளே போயிருக்க வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். வாசலில் ஆளைச் சோதிக்கிறவருக்கும் கம்ப்யூட்டரைக் காக்கிறவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால், சட்டைப் பையில் இருக்கும் அந்தச் சிறு குச்சியை யார் கேட்பது?

மறு வாரம் போடி வியாபாரி டெலிபோன் செய்தார். ஜன்னலுக்குக் கம்பி போட்டாயிற்றாம். டிஸ்கைச் சங்கேதமாக்க ஆள் வந்து போயிற்றாம்.

"கணக்குக்கெல்லாம் பிரதியும் எடுத்துட்டேன் தம்பி!"

"பேஷ்! பிரதியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"வேறெங்கே? அந்தக் கம்ப்யூட்டர் மேஜை டிராயரில்தான்!"