போகிற ப்யூஸ் நல்ல ப்யூஸ்

சென்ற வாரம் ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினோம். இந்த வாரம் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்து பேசலாமா? பயப்படாதீர்கள், பக்கத்தில் டார்ச் விளக்கு இருக்கிறது.

காடாம்புலியூர் என்று ஓர் ஊர். பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பலாவும் முந்திரியும் அந்தப் பக்கத்துச் செல்வம். என் அக்காவை அங்கேதான் கொடுத்திருக்கிறது. போன வைகாசியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். நானும் நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

வீடு நிறைய விருந்தாளிகள். காலை ஏழு மணிக்குக் கூடத்து அறையில் ஒரு பையன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அதே அறையின் பிளக்கிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வாசற்படி தாண்டி வந்திருந்தது. அதில் ஒரு பக்கம் சட்டினி அரைக்கும் மிக்ஸி. மறுபக்கம் குளியல் தண்ணீருக்கு ஹீட்டர். திடீரென்று ‘டப்’ என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. தேங்காய் பாதி அரைந்தபடி மிக்ஸி வாயை மூடிக்கொண்டது.

“பீஸ் போச்சு!” என்று குழந்தைகள் கூவின.

அக்காவின் மாமியாருக்கு எண்பது வயது. திண்ணையில் இருந்தபடியே, “நெய்வேலி இதோ பக்கத்துல இருக்கு. ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்குது. நம்ம வீட்டுல அரை மூடித் தேங்காய் அரைக்க மாட்டேங்குதே!” என்றார்.

நியாயமான கேள்விதான். நெய்வேலியில் 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1962இல் முதல் மின் எந்திரம் ஓட ஆரம்பித்தது. அதன் திறன் 50 மெகாவாட், அதாவது 5 கோடி வாட். அந்த முதல் அனல் மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குள் அதைவிடப் பெரிய நிலையங்கள் அங்கே வந்துவிட்டன. இத்தனை பெரிய சக்தி பல டிரான்ஸ்பார்மர்களைத் தாண்டி, 230 வோல்ட்டாக இறங்கி, நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. “போதும், இதற்கு மேல் உள்ளே வராதே” என்று அதைத் தடுத்து நிறுத்துவது எது தெரியுமா? பீங்கான் கட்டையில் இருக்கும் தலைமுடி போன்ற ஒரு கம்பிதான்!

இனி நடந்ததைக் கேளுங்கள். அக்காவின் கணவர் சாமர்த்தியசாலி. மெயினை அணைத்தார். கட்டையைப் பிடுங்கினார். பழைய ஒயர் ஒன்றின் தோலை உரித்து, உள்ளே இருந்த செப்பு இழைகளில் ஏழெட்டை முறுக்கி, கட்டையில் கட்டினார்.

“மாமா, ப்யூஸ் கம்பி என்று கடையில் தனியாக விற்கிறதே?” என்றேன்.

“நீ பத்திரிகைக்கு எழுதற வேலையைப் பாரும்மா. இனிமே இது போகவே போகாது!” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். போகவில்லை.

இரவு எட்டு மணி. ஹீட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி மூன்றும் மறுபடி ஓடின. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அதே அறையில் கட்டிலில் படுத்திருந்தாள். சுவிட்ச் பலகை அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. மாமியார் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா எந்த வீட்டுல கருவாடு சுடுறாங்க?” என்றார்.

எந்த வீட்டிலும் சுடவில்லை. சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தது. நான் போட்ட கூச்சலில் மாமா ஓடிப் போய் மெயினை அணைத்தார். பெண்ணை எழுப்பிக் கூடத்துக்குக் கூட்டி வந்தோம். அன்று இரவு அந்த வீட்டில் அகல் விளக்குத்தான்.

சுவிட்சும் பிளக்கும் மிதமிஞ்சிச் சூடேறும்போது, அவற்றின் பிளாஸ்டிக்கிலிருந்து மீன் வாடை போல ஒரு நாற்றம் வருவதுண்டு. அடுப்பில் ஒன்றும் இல்லாதபோது அந்த வாடை வந்தால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டாலே இந்த வாரப் பக்கம் எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிடும்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பலகையைக் கழற்றினார். ஒயரின் மேல்தோல் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. கட்டையில் மாமா முறுக்கிய செம்புக் கம்பியோ புத்தம் புதிதாக இருந்தது! கட்டைக்குள் உருகியிருக்க வேண்டிய கம்பி உருகாததால், சுவருக்குள் இருந்த கம்பி வெந்துபோய்விட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயந்துவிடாதீர்கள், பால் கணக்கைவிடச் சுலபம். சாமானின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ஹீட்டர் 1500, இஸ்திரிப் பெட்டி 1000, மிக்ஸி 750. ஆக மொத்தம் 3250 வாட். 230ஆல் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல். அந்த அறைக்கு இழுத்திருந்ததோ விளக்குக்கும் விசிறிக்குமான 5 ஆம்பியர் லைன். மின்சாரம் மூன்று மடங்கானால் ஒயரில் சூடு மூன்று மடங்கோடு நிற்காது, ஒன்பது மடங்காகும். ப்யூஸ் காலையிலேயே அதைச் சொல்லிற்று. நாம்தான் அதன் வாயை அடைத்தோம்.

ஆகையால், ப்யூஸ் போனால் திட்டாதீர்கள். ஏன் போயிற்று என்று விசாரியுங்கள். விசாரிக்கும் முறை இதுதான்:

முதலில் ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். தெரு விளக்கும் அண்டை வீட்டு விளக்கும் அணைந்திருந்தால் தப்பு உங்கள் வீட்டில் இல்லை. மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. அதற்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மீட்டருக்கு முன்னால் இருப்பதும் சீல் வைத்ததும் வாரியத்தைச் சேர்ந்தவை. அவற்றில் நாம் கை வைக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் மட்டும், அதுவும் ஓர் அறையில் மட்டும் இருட்டு என்றால், அந்த அறையின் எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு மெயினை அணையுங்கள். கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். காலில் ரப்பர்ச் செருப்பு வேண்டும். மெயினை அணைத்த பிறகும் அதற்கு முன்னால் உள்ள கம்பிகளில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது கட்டையைப் பிடுங்கிப் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் அமைதியாக உருகி அறுந்திருந்தால், அளவுக்கு மீறிய சுமை காரணமாக இருக்கலாம். பீங்கான் முழுவதும் கரி பூசி, கம்பி சிதறிப்போயிருந்தால் எங்கோ இரண்டு ஒயர்கள் ஒன்றை ஒன்று தொட்டிருக்கின்றன, அதுதான் ‘ஷார்ட்’.

புதுக் கம்பியைக் கடையில் ஆம்பியர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். விளக்கு லைனுக்கு 5 ஆம்பியர் கம்பி, ஒற்றை இழை. இரட்டையாக முறுக்கவும் வேண்டாம். விறைப்பாக இழுத்துக் கட்டவும் வேண்டாம். கட்டையைச் செருகி மெயினைப் போடுங்கள். ஒன்றும் செருகாத நிலையிலேயே போய்விட்டால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். போகவில்லையென்றால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் போகிறதோ அதுவே குற்றவாளி. ஒவ்வொன்றாகப் போட்டால் நிற்கிறது, எல்லாம் சேர்ந்தால் போகிறது என்றால், குற்றவாளி நம்முடைய அவசரம்தான்.

புது வீடுகளில் கட்டைக்குப் பதில் எம்.சி.பி. என்ற சிறு சுவிட்ச் இருக்கும். அது விழுந்தால் முழுவதும் கீழே தள்ளிவிட்டு மேலே தூக்குங்கள். திரும்பத் திரும்ப விழுந்தால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்னொரு விஷயம். ப்யூஸும் எம்.சி.பி.யும் காப்பாற்றுவது ஒயரைத்தான்; உங்களையும் என்னையும் அல்ல. ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் ஒரு சிறு பங்கு போதும். அதற்கெல்லாம் 5 ஆம்பியர் ப்யூஸ் அசையாது. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. என்ற கருவி வேண்டும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கி அதில் முப்பது பங்கு, வழி தவறிக் கசிந்தாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். குளிர்பெட்டியைத் தொட்டால் ‘ஜிவ்’ என்கிறதா? எர்த் சரியில்லை, அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

மழைக் காலத்துக்கும் ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்களும் சாய்ந்தன. பல நாட்கள் இருட்டு. கரண்ட் திரும்பியதும் எல்லாருக்கும் அவசரம்தான். ஆனால் ஈரச் சுவரும் நனைந்த பலகையும் உலர்ந்து, ஒருவர் சோதித்துப் பார்க்கும் வரை மெயினைப் போடக் கூடாது.

காடாம்புலியூர் வீட்டில் இப்போது புதுப் பலகை. ஹீட்டருக்குத் தனியாகக் கனமான ஒயர். பேரனும் பிறந்துவிட்டான், அதே அறையில்தான் தொட்டில். போன வாரம் அக்கா டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். “ஐயோ, சுவிட்ச் விழுந்துடுச்சு” என்றாள். உடனே மாமியாரின் குரல் கேட்டது:

“விழுந்தா விழட்டும்டீ. காவக்காரன் முழிச்சிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். முதல்ல அந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கு!”

உங்கள் வீட்டுக் காவல்காரன் விழித்திருக்கிறானா? இந்த ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், எலக்ட்ரீஷியனை அழைத்து, கட்டையில் இருப்பது ப்யூஸ் கம்பியா, யாரோ முறுக்கிய செம்பா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் வெளிச்சத்தில் சந்திப்போம்.