குறுக்கெழுத்தும் நேர்மையும்

குறுக்கெழுத்துப் புதிரை வெறும் பொழுதுபோக்கென எண்ணுவார் பலர். ஆயின், அதனை இயற்றுவோனுக்கும் விடை காண்போனுக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடொன்று உண்டு. ‘மறைப்பேன், பொய் சொல்லேன்’ என்பதே அது. திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்களிடையே ஆசிரியப் பணி புரியும் பழைய மாணவராகிய நாம், மாணவர்க்கெனத் தமிழ்ப் புதிர் இயற்றும் அன்பர் சிலர் இவ்வுடன்பாட்டை மறந்துவிடுதல் கண்டு இதனை வரைகின்றோம்.

இவ்விளையாட்டு 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ஆதர் வின் என்பவரால் நியூயோர்க் நகரப் பத்திரிகையொன்றில் தொடங்கப்பெற்றது. பின்னர் ஆங்கில நாட்டார் இதனைச் சொற்சிலம்பமாக வளர்த்தனர். அவருள் ‘அஃப்ரிட்’ என்னும் புனைபெயர் பூண்டவர் 1949இல் வெளியிட்ட நூலில் இதற்கோர் அறம் வகுத்தார். குறிப்பு வாசகன் எண்ணத்தை வேறு திசையிற் செலுத்தலாம்; எனினும் அதன் சொற்கள் விடையை உண்மையாகவே சுட்டுதல் வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு இது புதிதன்று. பிசியைத் தொல்காப்பியர் இலக்கிய வகையுள் ஒன்றாக வைத்தார். காளமேகப் புலவர் சிலேடையில் இரு பொருளும் பழுதின்றிப் பொருந்தின.

‘மலைநாட்டிற் காணப்படுவது, மூன்றெழுத்து’ என்றொரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். அருவி என்பான் ஒருவன். அட்டை என்பான் மற்றொருவன். லயம், தேயிலை என்பாரும் உளர். நால்வரும் தவறு செய்திலர், தவறு குறிப்பினுடையதே. இதனையே ‘பாடகர் பிசகலாகாதது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு’ என்று திருத்தினால், லயம் என்பதன்றி வேறு விடை பொருந்தாது. ‘குறைந்து போ என்பதனோடு இலை சேரின் கோப்பைக்கு வரும்’ எனின், தேய் என்பதனோடு இலை புணர்ந்து தேயிலையாதலை இலக்கணம் கற்ற மாணவன் கண்டு மகிழ்வான். விடை தெரிந்த பின் ‘இஃது எனக்குத் தோன்றாமற் போயிற்றே’ என்று அவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டும்; இயற்றியவனை நோதல் ஆகாது.

விடை பலவாகுமிடத்து அறிவு தோற்கும், அதிட்டம் வெல்லும். பரிசுப் போட்டிகளிலோ இது பெருங் கேடாகும். இந்தியாவில் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் பெருகியபோது, 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு திங்களில் வழங்கும் பரிசுத் தொகை ஆயிரம் ரூபாவை மிஞ்சலாகாதென வரையறுத்தது. வெற்றி பெரும்பாலும் திறமையைச் சாராத போட்டி சூதின் பாற்பட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. ஆதலின், கலைக்கும் சூதுக்கும் இடையே நிற்கும் வேலி நேர்மையான குறிப்பே எனலாம்.

இன்னுமொன்று. யாழ்ப்பாணத்துச் சிறுவன் கதியாலை அறிவான். திம்புள்ளச் சிறுவன் பிரட்டுக் களத்தை அறிவான். ஒருவன் வழக்கை மற்றவன் அறியாமை குற்றமன்று. அதற்காக வட்டார வழக்குகளை விலக்குதலும் வேண்டா. அத்தகைய சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் யாவரும் அறிந்த சொற்கள் குறுக்கே வெட்டிச் செல்லுமாறு கட்டங்களை அமைத்தல் போதும். அவ்வாறு அமைப்பின் சிறுவன் புதுச்சொல்லொன்றைத் தானே கண்டுபிடிப்பான். அமைக்காவிடின் தன் ஊரும் தன் பேச்சும் குறைந்தவை என்றே கற்பான்.

வினாத்தாளுக்கும் இந்நீதி பொருந்தும். ஆசிரியன் மனத்தில் இருப்பதை மாணவன் ஊகித்தறிதல் கல்வியாகாது. நம் கல்லூரியினின்றும் வெளிப்போந்து பல ஊர்களிலும் கற்பிக்கும் அன்பர்கள், தாம் இயற்றும் குறிப்பை அச்சுக்கு விடுமுன் விடையறியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பாராக. அவர் நியாயமான வேறொரு விடை கூறுவாராயின், திருத்த வேண்டியது குறிப்பையே.