புற்றுநோய்க்கு ஊரடங்கு உண்டா?

2020 ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை. மும்பையில் புறநகர் ரயில்கள் மறுபடியும் ஓடத் தொடங்கிய புதிது. அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டுமே அனுமதி. கவுண்டரில் நான் இருந்தேன். அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் வந்து, மனைவியின் ஆஸ்பத்திரி பைலை ஜன்னல் வழியே நீட்டினார்.

"சார், வீட்டிலே அவங்களுக்குக் கரண்ட் வைக்கிறாங்க. தினம் போகணும். ரெண்டு டிக்கெட் கொடுங்க" என்றார்.

விதி இடம் தரவில்லை. முடியாது என்று சொல்லி அனுப்பினேன். வேலைக்கு வர எனக்கு அனுமதி இருந்தது. உயிருக்குப் போராடிய அந்த அம்மாளுக்கு இல்லை. இது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

அம்பர்நாத்திலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். மனைவியை ஸ்கூட்டரில் உட்கார வைத்து மூன்று நாள் போனாராம். நான்காம் நாள் அந்த அம்மாளுக்கு உட்காரவே தெம்பில்லை. டாக்சிக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. சிகிச்சை பாதியில் நின்றது. மறு ஆண்டு பொங்கலுக்கு அவர் உயிரோடு இல்லை. தாமதம்தான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் அல்ல. ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சையை நடுவில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்க இடம் கொடுத்ததாகும் என்பது டாக்டர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. நாட்டின் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கு 2021-ல் வெளியாயிற்று. 2019 மார்ச் முதல் மே வரை அங்கே புதிதாகப் பதிவு செய்துகொண்ட நோயாளிகள் 1,12,270 பேர். 2020-ல் அதே மூன்று மாதங்களில் 51,760 பேர்தான். பெரிய ஆபரேஷன்கள் 17,120-லிருந்து 8,677 ஆகக் குறைந்தன. நோய் பாதியாகக் குறைந்துவிட்டதா? இல்லை. நோயாளிகளால் வந்து சேர முடியவில்லை. ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனாலே மரண ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடும் என்று 2020 நவம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஆய்வு ஒன்று எச்சரித்தது.

அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. புற்றுநோய் மருந்து ஏற்றியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. நெரிசலில் அவர்களுக்குக் கொரோனா தொற்றினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்களும் நர்சுகளும்கூட நோயில் விழுந்தார்கள். அந்த நிலையிலும் பரேல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி கதவை மூடாமல் சிகிச்சையைத் தொடர்ந்தது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருந்து என்ன பயன், வழி அடைபட்டிருந்தால்? 2020 மார்ச் 22 நள்ளிரவோடு ரயில்கள் நின்றன. ஜூன் 15-ல் புறநகர் வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகும், புற்றுநோயாளிகளுக்கு அனுமதி கிடைக்கச் சில மாதங்கள் ஆயின.

சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு நெடுந்தூர ரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதம். நல்ல சலுகைதான். வண்டியே ஓடாதபோது சலுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாளை இன்னொரு கொள்ளைநோய் வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. அப்போது ஆஸ்பத்திரி பைலையே பயண அனுமதியாக முதல் நாளிலிருந்தே ஏற்கவேண்டும். புறநகர் வண்டிகளில் மாற்றுத் திறனாளிகள் பெட்டி இருக்கிறது. புற்றுநோயாளிகள் அதில் ஏறலாம். அந்தப் பெட்டியை அவர்களுக்காக ஓட்டினால் போதும். மருந்து ஏற்றும் வசதியைக் கல்யாண், தாணா போன்ற இடங்களின் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பெருக்கினால் பாதிப் பயணம் மிச்சம்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், காரணமில்லாத ரத்தப்போக்கு என்றால் 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொரு முறை ஒருவர் பைலை நீட்டும்போது, கவுண்டரில் இருப்பவர் 'முடியாது' என்று சொல்லும் நிலை வரக்கூடாது. அதற்கான உத்தரவை இப்போதே எழுதி வைக்க அரசு முன்வருமா?