புகை அடங்கினால் போதுமா?

விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் உணவு விடுதிகளும் 6 மாதத்தில் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் மும்பை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. வரவேற்கத்தக்க உத்தரவு. ஆஸ்துமாக்காரருக்குப் புகையே பகை. அடுப்படியில் நிற்கும் தொழிலாளியும் அடுத்த சந்தில் குடியிருக்கும் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். உத்தரவு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. அடுப்பை மாற்றச் சிறு பேக்கரிகளுக்குக் கடன் உதவி தேவை; இல்லையேல் புகையோடு பலரின் பிழைப்பும் போய்விடும்.

ஆனால் புகை குறைந்தால் மட்டும் நோய் அடங்காது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்கிச் சுருங்குகிறது. அந்த வீக்கத்தைத் தணிப்பது, டாக்டர் சொன்னபடி தவறாமல் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். திணறல் வந்தபோது மட்டும் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவது வைத்தியம் ஆகாது. இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயமும் வீண். இது ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல.

ஒருநாள் கூலியை இழந்து பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது இந்த இன்ஹேலர். 2022 முதல் மாநகராட்சி திறந்துவரும் ‘ஆப்லா தவாகானா’க்கள் ஒவ்வொன்றிலும் அது எந்நாளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இழுக்கும் முறையை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லித்தரவும் வேண்டும்.