கூப்பிய கைகள் யாரை நோக்கி?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபத்தைத் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பினார். அதன் தூண்களில் நாயக்க மன்னர்கள் தம் தேவியரோடு சிலைகளாக நிற்கின்றனர். இவற்றை மன்னர் குடும்பத்தின் பெருமிதச் சின்னங்களாக மட்டும் விளக்குவது வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் பாதி உண்மையே.

அதே காலத்து ஐரோப்பிய ஓவியம் ஒன்றை அருகில் வைத்தால் வேறுபாடு விளங்கும். 1632-இல் வான் டைக் வரைந்த இணைப்படத்தில் இங்கிலாந்து அரசி ஹென்றியேட்டா மரியா, மன்னர் முதலாம் சார்லசுக்கு வாகை மாலை ஒன்றை நீட்டுகிறார். படத்தின் பொருள் அவ்விருவர் கைகளுக்கு இடையிலேயே நிறைவுறுகிறது. புதுமண்டபத்திலோ மன்னன் கை கூப்பி நிற்கிறான். அவன் பார்வை தேவியின் மீது இல்லை. நடுக்கூடத்தின் மீது உள்ளது. வைகாசி வசந்த விழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருளும் இடம் அது. கல்லில் நிற்கும் இணை, விழாவில் வந்தமரும் தெய்வ இணையை எதிர்நோக்கியே வடிக்கப்பட்டது. அந்த வருகையை விலக்கிவிட்டுச் சிலையைப் படிப்பது, விடையை மறைத்துவிட்டு வினாவை மட்டும் படிப்பதாகும்.

மதுரையில் இந்த இணைக்கு அரசியல் பொருளும் உண்டு. சித்திரையில் அம்மைக்குப் பட்டாபிஷேகம், ஆவணியில் சொக்கநாதருக்கு. ஆட்சி இருவருக்கும் உரியது என்பதை ஊர் ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கிறது. மண்ணாள்பவன் அவ்விருவர் முன் அடியவனாக நின்றே அரசனாகிறான். 1750-இல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துப் பத்மநாபதாசரானதை அறிந்தோருக்கு இந்த நிலை புதிதன்று.

ஆயினும் இச்சிலைகளைக் காண வருவோர் பெரும்பாலும் கேட்டுச் செல்வது வேறொரு கதை: அரசியின் சிலையில் தொடைப்பகுதிக் கல் பெயர்ந்ததும், அங்கே மச்சம் உண்டென்று நீலகண்ட தீட்சிதர் உணர்ந்து சொன்னதும், மன்னன் ஐயுற்றதுமான செவிவழிக் கதை. அக்கதை தீட்சிதரின் ஞானத்தைப் போற்றுவதாகவே சொல்லப்படுகிறது. ஆனால் தெய்வத்தின் முன் மன்னனுக்கு இணையாக நிற்பவளை அது வெறும் உடலாகச் சுருக்கிவிடுகிறது.

அரசியின் இடம் அத்துணைச் சிறியதன்று என்பதற்குக் கோயிலுக்குள்ளேயே சான்று உள்ளது. ஊஞ்சல் மண்டப விதான ஓவியத்தில் இராணி மங்கம்மாள் அம்மையின் செங்கோலைப் பெற்றுக்கொள்கிறார். 1689 முதல் 1706 வரை பெயரனுக்காக ஆண்ட அவர், அங்கே கணவரின் துணையாக நிற்கவில்லை. அம்மையின் பிரதிநிதியாக நிற்கிறார்.

புதுமண்டபத்தில் நெடுங்காலம் இயங்கிய தையற்கடைகளும் பாத்திரக் கடைகளும் அண்மையில் இடம்பெயர்ந்தன. அவை மறைத்திருந்த தூண்கள் மீண்டும் கண்ணுக்குப் புலனாகின்றன. இனி அங்கே விளக்கம் சொல்வோர் மச்சக் கதையோடு நிறுத்திக்கொள்ளலாகாது. மன்னனும் தேவியும் நோக்கும் திசையைச் சுட்டி, வருவோரையும் ஒருமுறை அத்திசையில் திரும்பி நிற்கச் சொல்லல் வேண்டும்.