எழுத்துப் பெருத்தால் கௌரவம் சிறுக்குமா?

கச்சேரிக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் நடந்து நடந்து அலுத்த வவுனியாக் கமக்காரரை, இன்று அரசாங்கக் கருமங்கள் கைத்தொலைபேசி வழியாகத் தேடி வருகின்றன. வங்கியில் பணம் விழுந்த செய்தியும், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கமும் உள்ளங்கை அகலத் திரையிலேயே தோன்றுகின்றன. நன்று. ஆனால், அத்திரையை வாசிக்க இயலாதவர் கதி யாது? அயல்வீட்டுப் பையனை அழைத்து, தொலைபேசியையும் இரகசிய இலக்கத்தையும் ஒருங்கே ஒப்படைக்கிறார். தன் பணத்தைப் பிறர் கண்ணாற் பார்க்க நேர்ந்தவனைச் சுதந்திர மனிதன் என்று எங்ஙனம் அழைப்பது?

நாற்பது வயதையொட்டிக் கண்ணின் வில்லை இறுகி, கிட்டத்திலுள்ள எழுத்து மங்கத் தொடங்குவது இயற்கை. கண்புரையும் நீரிழிவும் பார்வையைக் குறைக்கின்றன. 2009இல் முடிந்த போரிலே கண்ணொளி இழந்தோரும் வன்னி மண்ணில் நம்மிடையே வாழ்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் உதவும் வசதிகள் தொலைபேசிக்குள்ளேயே உள்ளன. ‘அமைப்புகள்’ பகுதியில் ‘அணுகல்தன்மை’ என்ற தலைப்பைத் தேடினால், எழுத்தைப் பெருப்பிக்கலாம், தடிப்பாக்கலாம், நிறங்களைப் புரட்டலாம், திரையிலுள்ளதைக் குரலாகவும் கேட்கலாம். இதற்கு ஒரு சதமும் கட்டணமில்லை. வேண்டாதபோது பழைய நிலைக்கு மாற்றவும் தடையில்லை. 2023இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 14ஆம் பதிப்பு, எழுத்தை இரு மடங்குவரை பெருப்பிக்க இடமளிக்கிறது.

இருந்தும் பலர் அவற்றைத் தொடுவதில்லை. காரணம், நம்மிடையே வேரூன்றிய தப்பெண்ணங்களே.

இவ்வசதிகள் முற்றாகப் பார்வையிழந்தோருக்கு மட்டுமே உரியவை என்பது முதலாவது. மூக்குக்கண்ணாடி அணியும் ஆசிரியரையும் சட்டத்தரணியையும் நாம் இழிவாகப் பார்க்கிறோமா? கண்ணாடிக்கு இல்லாத வெட்கம் பெரிய எழுத்துக்கு ஏன்?

கறுப்புப் பின்னணி எல்லாக் கண்ணுக்கும் நன்று என்பது இரண்டாவது. கண்புரையால் வெளிச்சம் கூசுவோருக்கு அது இதமளிக்கக்கூடும். ஆனால் கண்ணின் வளைவுக் குறையுள்ள பலருக்குக் கறுப்பின்மேல் வெள்ளை எழுத்துக் கசிந்து தோன்றும். வயல்வெளியின் உச்சி வெயிலிலோ, வெள்ளைப் பின்னணியில் கறுப்பெழுத்தே துலங்கும். அவரவர் கண்ணுக்கும் இடத்துக்கும் ஏற்பத் தெரிவு செய்வதே அறிவுடைமை.

திரையின் நீல ஒளி கண்ணை அழிக்கும், மஞ்சள் நிறமாக்கினால் கண் தப்பும் என்பது மூன்றாவது. திரையொளி கண்ணுக்குக் கேடு செய்வதாகச் சான்றில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் தெளிவாகக் கூறியுள்ளது. திரையையே வெறித்துப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் உலர்ந்து களைப்பதற்கு அது பெருங்காரணம். அதற்கு இடையிடையே ஓய்வு வேண்டும்.

நான்காவது, நிறத்திருத்தம் நிறக்குருட்டைப் போக்கும் என்பது. அது நிறங்களை இடம்மாற்றி, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய உதவுமேயன்றிக் கண்ணைத் திருத்தாது. அவ்வாறே, எழுத்தைப் பெருப்பித்துவிட்டு வைத்தியரிடம் போகாதிருப்பதும் ஆபத்து. நீரிழிவால் விழித்திரை கெடும்போது தொடக்கத்தில் எவ்வித அறிகுறியும் தெரியாதிருக்கலாம். பெரிய எழுத்து உதவியே, வைத்தியமன்று.

மக்கள் தப்பெண்ணத்தைக் களைந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. அலுவலகங்களின் மேசையிலும் ஒரு தப்பெண்ணம் அமர்ந்திருக்கிறது. தமிழில் அச்சடித்துவிட்டால் கடமை முடிந்தது என்பதே அது. கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால், எழுத்துப் பெருக்கும் அமைப்பு அதனைத் தீண்டாது. விரலால் விரித்தாலோ வரி திரைக்கு வெளியே ஓடும். டாக்பேக் போன்ற குரல் வாசிப்பானுக்கு அதிலுள்ள எழுத்து எழுத்தாகவே கிட்டாது. பாமினி எழுத்துருவில் அமைந்த ஆவணமோ இன்னும் விசித்திரமானது. கண்ணுக்குத் தமிழ், உள்ளே பதிந்திருப்பதோ ஆங்கில எழுத்துக் குவியல். குரல் வாசிப்பான் அதனைப் பொருளற்ற உளறலாகவே ஒலிக்கும். யுனிகோட் முறையில் தட்டெழுதினால் இத்தொல்லை இல்லை.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. வலுக்குறைந்தோர் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 9ஆவது உறுப்புரை தகவலையும் தொடர்பாடலையும் அணுகும் வசதியை வலியுறுத்துகிறது. கண்ணாலும் வாசிக்க இயலாமல், காதாலும் கேட்க இயலாமல் வரும் தமிழ்க் கடிதம், இம்மூன்றையும் ஏட்டுச் சுரைக்காய் ஆக்குகிறது.

ஆகவே நாம் கேட்பது இவை: அரச அலுவலகங்களும் வங்கிகளும் தமிழ் அறிவித்தல்களை யுனிகோட் எழுத்தாகவே வெளியிடுக. 2021இல் தனித்து எழுந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர், கமக்காரர் சங்கக் கூட்டங்களில் இவ்வமைப்புகளை நேரிற் செய்து காட்டுக. படித்த இளைஞர், பெற்றோரின் இரகசிய இலக்கத்தைத் தாம் வாங்கி வைத்திராது, அவர்களின் திரை எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க. தம் கடிதத்தைத் தாமே வாசிக்கும் மக்களை ஏய்ப்பது எளிதன்று.